செக்யூர் பூட்டை அணைக்காமலே சரிசெய்து தந்த கடை

மடிக்கணினியில் புதிதாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய பின் ஏதேனும் மக்கர் செய்தால், பல கடைகளில் எழுதித் தரும் மருந்து ஒன்றுதான்: கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் நுழைந்து, நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளோடு மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பை அணைத்துவிடுவது. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் மாடியில் இயங்கும் இந்தக் கடை அதைச் செய்யவில்லை. அதனாலேயே இந்த மதிப்புரை.

பொறியியல் படிக்கும் அண்ணன் மகள், விண்டோஸ் 11 இருந்த தன் கணினியிலேயே உபுண்டு 24.04-ஐயும் நிறுவியிருந்தாள். நிறுவல் தடையின்றி முடிந்தது. ஆனால் கிராஃபிக்ஸ் சில்லை இயக்கும் என்விடியா டிரைவர் ஏறாததால் கூடுதலாக இணைத்த மானிட்டர் இருண்டே கிடந்தது, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸும் சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. முதலில் காட்டிய வேறொரு கடையில் வழக்கமான மருந்தைக் கொடுத்தார்கள். உபுண்டு சரியாயிற்று, விண்டோஸோ வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு உள்ளே விட மறுத்தது.

இங்கே கணினியைத் திறக்கும் முன்பே அந்த 48 இலக்கம் எங்கே இருக்கிறது என்றுதான் தொழில்நுட்பர் கேட்டார். அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்ததைக் கைப்பேசியில் தேடி எடுத்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் செய்த பிறகே பயாஸைத் தொட்டார். செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கியதும் விண்டோஸ் எதையும் கேட்காமல் திறந்துகொண்டது. வட்டின் பூட்டைத் திறக்கும் சாவியை டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லு வைத்திருக்கிறது என்றும், செக்யூர் பூட்டின் நிலை மாறினால் அது சாவியைத் தர மறுக்கும் என்றும், பழைய நிலை திரும்பியதும் தந்துவிடும் என்றும் அவர் சொன்ன விளக்கம் எனக்கே புரிந்தது.

அடுத்து உபுண்டு. என்விடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவிய டிரைவரில் இந்தக் கணினி நம்பும் கையொப்பம் இல்லை. அதை நீக்கிவிட்டு, உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில், அதை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் கையொப்பமிட்டே வழங்கும் டிரைவரை ஏற்றியவுடன் மானிட்டர் உயிர்பெற்றது. உபுண்டுவின் மையப்பகுதியான கெர்னலோடு இணையும் விர்ச்சுவல்பாக்ஸின் தொகுதி அந்தந்தக் கணினியிலேயே உருவாக்கப்படுவதால், அதற்கு அக்கணினிக்கென்று ஒரு சாவியைக் கடவுச்சொல் ஒன்று கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். "பாஸ்வேர்டு நீயே போடும்மா, எங்கிட்ட சொல்ல வேணாம்" என்று விசைப்பலகையை அவள் பக்கம் திருப்பிவிட்டார். மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வந்து 10 விநாடிகள் மட்டும் காத்திருக்கிறது. அதற்குள் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்' (Enroll MOK, சாவியைப் பதிவுசெய்) என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தட்டாமல் விட்டால் உபுண்டு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துவிடும், சாவி மட்டும் பதிவாகியிருக்காது. ஒருமுறை பதிந்த பின், கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதே சாவியால் தொகுதி தானாகவே கையொப்பமிடப்படும்.

உபுண்டு மட்டுமே உள்ள கணினியில் செக்யூர் பூட்டை அணைப்பதை நான் பெருங்குற்றமாகக் கருதவில்லை. பிட்லாக்கரோடு விண்டோஸும் இருக்கும் இடத்தில் அது வைத்தியமே அல்ல.

குறைகளும் உண்டு. கட்டணப் பலகை இல்லை. 600 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்த ரசீதில் 'சாஃப்ட்வேர் சர்வீஸ்' என்ற இரு சொற்கள்தான் உள்ளன. எந்த டிரைவர் நீக்கப்பட்டது, எந்தச் சாவி பதியப்பட்டது என்று அதில் இரண்டு வரி இருந்திருந்தால், நாளை வேறு யாரிடம் காட்டினாலும் உதவும். இந்த வேலை தெரிந்தவர் ஒருவரே. அவர் சாப்பிடப் போயிருந்த வேளையில் கல்லாவில் இருந்த இளைஞர், "ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும் சார்" என்றுதான் எங்களிடமும் தொடங்கினார்.

செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011-இல் உருவாக்கிய, கையொப்பங்களைச் சரிபார்க்க உதவும் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாவது பற்றிக் கேட்டேன். 2023-ஆம் ஆண்டின் புதிய சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துசேரும் என்றவர், பயாஸுக்கும் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து, தனிக் கட்டணமின்றி ஏற்றித் தந்தார். அதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க அவர் மறக்கவில்லை.

மாலையில் லாரன்ஸ் ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது என்பதால் காலையிலேயே செல்லுங்கள். சார்ஜரையும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லையும் கையோடு கொண்டுபோய், மாடியில் உள்ள மூத்தவரையே கேட்டுப் பாருங்கள்.