சொன்னதை மட்டும் செய்யும் இமேஜ்மேஜிக்

பினாங்குத் தண்ணீர்மலையில் தைப்பூசம் முடிந்த கையோடு, தொண்டூழியர்கள் எடுத்த படங்கள் புகைப்படக்கருவிகளிலிருந்தும் கைப்பேசிகளிலிருந்தும் கோப்புறை கோப்புறையாக வந்து குவிகின்றன. அவற்றை இணையத்தளத்துக்கேற்ற அளவில் சுருக்கும் வேலைக்கு நான் முதலில் எடுப்பது இமேஜ்மேஜிக். ஜான் கிரிஸ்டி 1987இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவாக்கத் தொடங்கி, 1990இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இந்தக் கட்டளை வரிக் கருவிக்கு (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் மென்பொருளுக்கு) இன்றுவரை ஒரு சென் கூடக் கட்டணமில்லை.

இதன் உயிர்நாடி ‘மோக்ரிஃபை’ என்னும் கட்டளை. ஒரே வரியில் கோப்புறை முழுவதையும் சுருக்கித் தந்துவிடும். ஆனால், வேறிடத்தில் சேமிக்கும்படி ‘பாத்’ விருப்பத்தின் மூலம் சொல்லாவிட்டால், எந்தக் கேள்வியும் கேட்காமல் மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடும். இத்தனை பேர் நம்பிப் பயன்படுத்தும் கருவிக்கு இப்படியோர் இயல்பு அமைப்பு தேவைதானா என்பது என் நீங்காத குறை. அளவைக் குறிப்பிடும் இடத்தில் > என்ற குறியைச் சேர்த்தால் பெரிய படங்கள் மட்டுமே சுருங்கும். சேர்க்காவிட்டால் சிறிய படங்களும் இழுபட்டு மங்கிப்போகும். அந்தக் குறியை மேற்கோளுக்குள் இட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இல்லையேல் கட்டளைகளைப் பெறும் முனையம் அதை வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் ஆணையாக எடுத்துக்கொள்ளும்.

கைப்பேசிப் படங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். செங்குத்தாக எடுத்த படத்தைப் பல கைப்பேசிகள் கிடையாகவே சேமித்து, எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதைப் படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் என்ற விவரக் குறிப்பில் எழுதிவைக்கின்றன. எடுத்த இடம் முதலிய தனிவிவரங்களை நீக்குவதற்காக ‘ஸ்ட்ரிப்’ விருப்பத்தைச் சேர்ப்பது நல்ல பழக்கமே. எனினும் அதற்கு முன் ‘ஆட்டோ ஓரியண்ட்’ கொடுத்துப் படத்தை உண்மையிலேயே திருப்பிவிடாவிட்டால், காவடி எடுத்தவர் பக்கவாட்டில் படுத்துக் கிடப்பார். நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நிற விவரத்தையும் ‘ஸ்ட்ரிப்’ சேர்த்தே அகற்றுகிறது. ஐபோன் படங்கள் பெரும்பாலும் டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிறவெளியில் இருப்பதால், இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றாமல் அந்த விவரத்தை நீக்கினால், மஞ்சளும் காவியும் வெளிறித் தெரியும். விழா மலரை அச்சிடுவோருக்கு அனுப்பும் படங்களில் நான் ‘ஸ்ட்ரிப்’ பக்கமே போவதில்லை.

விண்டோசில் பழைய ‘கன்வர்ட்’ கட்டளை, வட்டின் கோப்பு முறைமையை மாற்றும் அதே பெயருடைய விண்டோஸ் நிரலோடு மோதிக் குழப்பியது. ஏழாம் பதிப்பில் வந்த ‘மேஜிக்’ என்ற ஒற்றைக் கட்டளையைப் பயன்படுத்தினால் அந்தத் தொல்லை இல்லை.

வேகத்தில் இது முதலிடத்தில் இல்லை. மிகப் பெரிய படங்களைச் சிறுபடங்களாக்குவது மட்டுமே வேலையென்றால், லிப்விப்ஸ் என்ற படச் செயலாக்க நிரல் நூலகத்தோடு வரும் ‘விப்ஸ்தம்ப்நெயில்’ குறைந்த நினைவகத்தில் விரைவாக முடித்துவிடுகிறது. எழுத்துப் பொறிப்பது, சட்டமிடுவது, பல படங்களை ஒரே தாளில் அடுக்குவது என்று வேலை விரியும்போது மீண்டும் இமேஜ்மேஜிக்கிடம்தான் வர வேண்டியிருக்கிறது.