‘சுத்தமான மென் ஈயம்’ என்று வாங்கினால், கட்டியை உடைத்துப் பாருங்கள்

மீன்பிடிக்கும் ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் கொக்கி) வார்க்க இணையத்தில் ஈயக்கட்டி வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘சுத்தமான மென் ஈயம், கலப்பு இல்லை’ என்று போட்டு விற்றவர் எனக்குக் கொடுத்தது பழைய வீல் வெயிட்டுகளை (சக்கரம் ஆடாமல் சுழல அதன் விளிம்பில் மாட்டும் எடைத்துண்டுகள், ஈயத்திலும் வரும், துத்தநாகத்திலும் வரும்) உருக்கி ஊற்றிய கலவை.

உருக்கியதுமே சந்தேகம் வந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது. அச்சில் ஊற்றினால் ஜிக்கின் கழுத்துப் பகுதி நிரம்பவே இல்லை. வந்த தலைகளும் மங்கலாக, திட்டுத்திட்டாக இருந்தன. படம் எடுத்து அனுப்பினேன். “சார், ஈயம்னா நிறம் மாறத்தான் செய்யும். சூட்டைக் கூட்டிப் பாருங்க, பளபளன்னு வரும்” என்றார்.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் வில்லங்கம். சூடு அதிகமானால் சுத்தமான ஈயத்தின் மேலும் மெல்லிய ஆக்சைடு படலம் படரும். அந்தப் படலத்தின் தடிமனைப் பொறுத்து பொன்மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் தெரியும். அது பார்வைக்குத்தான், ஜிக்குக்கு ஒரு கெடுதலும் இல்லை, பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும். சூட்டைக் குறைத்தாலே அந்த நிறம் குறையும். அப்படியிருக்க, நிறம் போகச் சூட்டைக் கூட்டச் சொல்கிறார் மனுஷன்!

கூட்டியதும் நிலைமை இன்னும் மோசமானது. ஈயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் சுமார் 420-இல். சூடு குறைவாக இருக்கும்வரை துத்தநாகத் துண்டுகள் உருகாமல் மிதக்கும், கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். 420-ஐத் தாண்டினால் அது உருகி ஈயத்தோடு கலக்க ஆரம்பிக்கும். அப்புறம் மேல்பகுதி கூழ் மாதிரி கெட்டியாகிறது, எவ்வளவு வழித்தாலும் தீரவில்லை. கொஞ்சம் துத்தநாகம் போதும், பாத்திரத்தில் இருக்கும் மொத்தமும் பாழ்.

மிச்சக் கட்டிகளில் ஒன்றைச் சுத்தியலால் பிளந்தேன். உள்ளே பாதி உருகிய ஒரு வீல் வெயிட், கிளிப்போடு. அதன் மேல் துத்தநாகத்தின் குறியீடான ‘இசட்-என்’ எழுத்துகள் புடைப்பாக அப்படியே இருந்தன. அதையும் படம் எடுத்து அனுப்பினேன். “உருக்கின பிறகு திரும்ப எடுக்க மாட்டோம் சார்” என்று ஒரு வரி. உருக்காத கட்டியைத்தான் உடைத்துக் காட்டியிருக்கிறேன் என்று எழுதினேன். அதோடு பதில் நின்றுவிட்டது.

கட்டி கைக்கு வந்ததும் நகத்தால் கீறுங்கள். மென் ஈயத்தில் கோடு விழும். ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்ததில் லேசில் விழாது. சிமென்ட் தரையில் போட்டால் ‘தொப்’ என்று விழ வேண்டும், கணீரென்று ஒலித்தால் ஏதோ கலந்திருக்கிறது. என் கட்டிகள் இந்த இரண்டிலும் தேறியிருக்கவும் கூடும், ஏனென்றால் வெளிப்பக்கம் பெரும்பாலும் ஈயம்தான். அதனால் ஒன்றையாவது பிளந்து பார்த்துவிடுங்கள். முதல் உருக்கை 400-க்குக் கீழேயே வைத்து, மிதப்பதை எல்லாம் அள்ளிய பிறகு ஊற்றுங்கள். காற்றோட்டமான வெளியிடத்தில்தான் உருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. பழைய வீல் வெயிட் என்றால் ஈரமும் ஒட்டியிருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்துக்குள் போனாலும் மேலெல்லாம் தெறிக்கும்.

அந்த விற்பனையாளரின் விளம்பரம் இன்னும் அப்படியே ஓடுகிறது. படத்தில் மட்டும் கட்டிகள் வெள்ளிபோல மின்னுகின்றன.