புள்ளிவரிக் கணக்கும் தமிழ் விசைப்பலகையும்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் பங்காளி வீடுகளின் பொதுக்கணக்கை எழுதுவதும், ஆண்டுதோறும் முன்னோர் வழிபாடான படைப்புக்கு முன்னால் வரவு செலவு அறிக்கையைச் சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கும் உறவுகளுக்கு அனுப்புவதும் பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. இதற்காகக் கணினியில் தமிழ்99 விசைப்பலகையையும், கைப்பேசியில் அதே அமைப்புடன் சேர்ந்து, அடுத்த சொல் இதுவாக இருக்கலாம் என்று நீட்டும் ஊகச் சொற்களையும், அப்பத்தாவுக்காகக் குரல் தட்டச்சையும் பயன்படுத்தி வருகிறேன். செயலியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இடையில் சிலவற்றை மாற்றியும் பார்த்தேன், எல்லாவற்றிலும் நிறைகுறைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருந்தன.

தமிழ்99-ஐ நான் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. கல்யாணத்துக்காக மலேசியாவிலிருந்து வந்திருந்த பங்காளி வீட்டுப் பையன் ஒருவன், எங்கள் கணினியில் அதை நிறுவி, விசைகளின் மேல் எழுத்துகளையும் ஒட்டிவிட்டுப் போனான். அவனுக்குப் பதிலாக, தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்த யாராவது அன்றைக்கு வந்திருந்தால் நான் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பில்தான் பழகியிருப்பேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடப்பக்கத்திலும், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கத்திலும் இருக்கும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘அப்பத்தா’ என்று எழுத அ, ப, ப, த, த, ஆ என்ற ஆறு விசைகள் போதும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளால் இதை எழுதுவோர் ஏறக்குறைய பத்து விசைகளை அழுத்துகிறார்கள். ‘பப்பாளி’ போன்ற சொற்களில் முதல் எழுத்துக்குப் பின் அகரத்தை அழுத்திப் பிரிக்க வேண்டும் என்பதைப் பழகிக்கொண்டால் வேறு தொல்லை இல்லை. விசைப்பலகையைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு.

சிக்கல் ஊகச் சொற்களில்தான் இருக்கிறது. ‘புள்ளி’ என்று எழுதியவுடன் கைப்பேசி ‘விவரம்’ என்பதை நீட்டுகிறது. எங்களுக்கு வேண்டியது ‘வரி’. திருமணமான ஒவ்வொரு ஆணையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுக் கோயிலுக்கு வரி வாங்கும் வழக்கம் எங்கள் நகரத்தார் சமூகத்தின் கோயில்களில் உண்டு என்பது அந்த நிரலுக்கு எப்படித் தெரியும்? எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்ற வாய்ப்புக் கணக்கைத் தவிர அதனிடம் வேறு அறிவு இல்லை. அந்தக் கணக்கும் ஏற்கெனவே யாரோ கணினியில் ஏற்றி வைத்த எழுத்துகளிலிருந்து பிறந்தது. ஏற்றுவதற்கு முதலில் யாராவது அவற்றைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதருக்குப் பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் தேடிச் சேர்க்கும் பித்து இருந்ததால்தான் அவை இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரால் 1994-இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நூலகத்தில் கிடைக்கின்றன. எங்கள் வீட்டு ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) புத்தகங்களோ இரண்டாங்கட்டு அறையில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பதைப் படித்துவிட்டு எந்த நிரலும் ஊகம் சொல்லாது.

எங்கள் வீடுகளில் முற்றத்தைச் சுற்றிய பகுதியைக் குறிக்கும் ‘வளவு’ என்ற சொல்லை எழுதினால் ‘வளர்வு’, ‘அளவு’ என்று திருத்த வருவதைத் தனி அகராதியில் சேர்த்துத் தடுத்துவிடலாம் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். அது பாதி மருந்துதான். தமிழில் ஒரு பெயர்ச்சொல் வேற்றுமை உருபுகளையும் இடைச்சொற்களையும் ஏற்று எண்ணற்ற வடிவங்களை எடுக்கிறது. ‘வளவு’ பழகிய செயலிக்கு ‘வளவிலிருந்து’ அந்நியமாகவும், அதைப் பழக்கியபின் ‘வளவுக்குள்ளேயே’ அந்நியமாகவும் தோன்றுகின்றன. புதிய செயலிகள் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்பதால் இதில் ஓரளவு தேறியிருக்கின்றன. இருந்தாலும், கைப்பேசியை மாற்றியபோது தனி அகராதி உடன் வராமல் போய், பழக்கியதெல்லாம் வீணானது. அகராதியைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செயலியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விசைகளின் நிறத்தையும் அலங்காரத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குரல் தட்டச்சில் இதே வாய்ப்புக் கணக்கு எங்களுக்குச் சாதகமாக வேலை செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளுக்குக் குரல் தட்டச்சைச் சேர்த்தது. அப்பத்தா ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்வார்; திரையில் ‘வாழைப்பழம்’ என்று விழுகிறது. ஒலியை மட்டும் நம்பாமல், எந்தச் சொல் அந்த இடத்தில் வரக்கூடும் என்றும் நிரல் கணக்கிடுவதால் ழகரம் வராத நாவுக்கும் ழகரம் கிடைக்கிறது. “ஐயா, நான் சொன்னதைவிட இது சுத்தமா எழுதுதே” என்று அவர் மகிழ்ந்தார். கண்ணில் புரை விழுந்த பிறகு எழுதுவதையே விட்டிருந்தவர், இப்போது பேத்திகளுக்குத் தாமே செய்தி அனுப்புகிறார். பேச்சு வழக்கின் வினைமுற்றுகள் சில வேளைகளில் குழம்பினாலும் பொருள் கெடுவதில்லை.

ஆனால் விலாசத்தில், அதாவது பெயரின் முன்னெழுத்துகளில், குரல் தோற்றுவிடுகிறது. எங்கள் பக்கத்தில் ஒரே பெயரைப் பாட்டனும் பேரனும் தாங்குவதால், பெயருக்கு முன்னால் வரும் பழ., சித., அரு., மெய். போன்ற எழுத்துகளை வைத்துத்தான் எந்த வீட்டு ஆள் என்று கண்டுகொள்கிறோம். குரல் தட்டச்சு ‘சித’ என்பதைக் கேட்டவுடன் அதை ஒரு முழுச் சொல்லாக நிரப்பப் பார்க்கிறது. கணக்கில் ஒரு வீட்டாரின் வரி இன்னொரு வீட்டார் பெயரில் ஏறிவிட்டால் படைப்பு வீட்டில் நான் பதில் சொல்லி மாளாது என்பதால், பெயர்ப்பட்டியலை ஊகத்தையும் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிட்டு விரலால்தான் எழுதுகிறேன்.

பழைய கணக்குகளைப் படியெடுப்போருக்கு ஒரு செய்தி. பற்று, வரவு, மேற்படி, ரூபாய் முதலியவற்றுக்கான தமிழ்க் குறியீடுகள் கணினிகளில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுத் தரமான யூனிகோடின், 2003-இல் வெளிவந்த 4.0 பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. மாகாணி, காணி, முந்திரி உள்ளிட்ட பின்னங்களுக்கும் பழைய அளவைகளுக்கும் உரிய 51 குறியீடுகள் 2019-இல் 12.0 பதிப்பில் சேர்ந்தன. முந்திரி என்றால் 1/320. அந்த நுணுக்கம் வரைக்கும் வட்டிக் கணக்கு எழுதியவர்கள் இருந்தார்கள். என் கைப்பேசியில் இவை வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன, கணினியில் நோட்டோ எழுத்துருவை நிறுவிய பிறகு சரியாகத் தெரிகின்றன. பெறுநரின் கருவியில் எப்படித் தெரியும் என்பதற்கு உறுதி இல்லாததால், படியெடுத்த கோப்பில் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே ‘மாகாணி’ என்று எழுத்திலும் எழுதி, பி.டி.எஃப். ஆக மாற்றித்தான் அனுப்புகிறேன்.