ஜாஸ் பெர்ஃபார்மன்ஸ் படிப்பு: புதுச்சேரி, கடலூரிலிருந்து சேர நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜாஸை, அதாவது மேடையிலேயே மனோதர்மமாகக் கற்பனை செய்து வாசிக்கிற மேலை இசையை, கற்றுத்தரும் இந்தப் படிப்பில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்றுதான்: நல்ல ஆட்களோடு வாராவாரம் சேர்ந்து வாசிக்கிற நேரம். அது தாராளமாகக் கிடைக்கிற கல்லூரி என்றால் சேரலாம். கிடைக்காது என்றால் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

நம் பக்கத்தில் இசை படிக்க இடமில்லாமல் இல்லை. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை இருக்கிறது. இரண்டும் நம் மரபிசைக்கான இடங்கள். ஜாஸ் என்றால் ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். சென்னை, மும்பை, டெல்லிப் பக்கம், இல்லாவிட்டால் வெளிநாடு. ஜாஸுக்கென்றே பட்டம் கொடுப்பதை 1947-லேயே தொடங்கியது இன்றைய வட டெக்சாஸ் பல்கலைக்கழகம். பாஸ்டனில் பெர்க்லி 1945-ல் தொடங்கியது. இன்று பல நாடுகளில் நடக்கும் பாடத்திட்டத்தின் அச்சு அந்தக் காலத்தில் வார்த்ததுதான்: வாரம் ஒரு தனி வகுப்பு, ஹார்மனி (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் இலக்கணம்), காதுப் பயிற்சி, ஜாஸ் வரலாறு, குழு வாசிப்பு, செமஸ்டர் முடிவில் ஆசிரியர்கள் முன் ஒரு வாசிப்புத் தேர்வு.

இதில் ஹார்மனியும் வரலாறும் புத்தகத்திலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும். குழு வாசிப்பு அப்படிக் கிடைக்காது. ஏன் என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம்.

சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று மூன்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம். டூ-ஃபைவ்-ஒன் என்பார்கள், ஜாஸில் திரும்பின பக்கமெல்லாம் இந்தத் தொடர் வரும். முதல் கார்டில் ரி ம த ஸ, அடுத்ததில் ப நி ரி ம, மூன்றாவதில் ஸ க ப நி. எல்லாம் சங்கராபரணத்து ஸ்வரங்கள். கர்நாடக இசை படித்த பிள்ளை சங்கராபரணத்தை மேலும் கீழும் ஓட்டினால் ஒரு ஸ்வரமும் தப்பாது. ஆனாலும் ஜாஸாகக் கேட்காது, ஏனென்றால் அடியில் கார்டு மாறுவது வாசிப்பில் தெரியவில்லை. முதல் கார்டின் ம, ஸ இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டு மாறும்போது ம அங்கேயே நிற்கும், ஸ இறங்கி நி ஆகும். அடுத்த மாற்றத்தில் நி நிற்கும், ம இறங்கி க ஆகும். இரண்டும் அரை ஸ்வர இறக்கம். அந்த இறக்கங்களைப் பாரின் (ஆவர்த்தனம் போன்ற தாள அளவு) முதல் அடியில் வைத்தால், துணைக்கு யாரும் இல்லாமல் ஒற்றை சாக்ஸபோன் வாசித்தாலும் கார்டு மாறியது காதில் விழுந்துவிடும்.

இதைப் பன்னிரண்டு கீயிலும் (சுருதியிலும்) வீட்டில் தனியாகவே சாதகம் செய்யலாம். மேடைச் சிக்கல் வேறு. டிரம்மர் அடியை இடம் மாற்றி வைக்கிறார், பியானோக்காரர் கார்டின் ஆதார ஸ்வரத்தை விட்டுவிட்டு மேல் ஸ்வரங்களை மட்டும் தொடுகிறார், 32 பார் பாட்டில் பதினெட்டாவது பாரில் நீங்கள் தொலைந்துபோகிறீர்கள். அங்கிருந்து மறுபடி இடம் பிடிக்கப் பழகுவதுதான் படிப்பு. பேக்கிங் டிராக், அதாவது முன்பே பதிந்துவைத்த பக்கவாத்தியம், உங்களைக் கேட்டு எதையும் மாற்றாது. அதனோடு எத்தனை வருடம் வாசித்தாலும் இந்தப் பழக்கம் வராது.

மிருதங்கம், தவில் பழகியவர்களுக்குக் கணக்கு கைவசம் இருப்பது பெரிய பலம். அதே பலம் ஸ்விங்கில், அதாவது ஜாஸின் ஊஞ்சலாடும் நடையில், தடையாகவும் வரும். ஸ்விங்கைத் திஸ்ரமாக எண்ணி, ஒரு அடியின் இரண்டு பாதியை இரண்டுக்கு ஒன்று என்று அளந்து வைத்தால் விறைப்பாகக் கேட்கும். வேகம் கூடக் கூட அந்த இரண்டு பாதியும் சமத்தை நெருங்கும், ஒரே அளவு எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60-ல் வைத்து, அந்தச் சத்தத்தை இரண்டாவது, நான்காவது அடியாக எடுத்துக்கொண்டு வாசியுங்கள். அப்போது பாட்டின் வேகம் 120. முதல் அடியை யாரும் காட்டித் தரமாட்டார்கள், நீங்களே சுமக்க வேண்டும்.

கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகள் விளம்பரத்தாளில் இருக்காது. குழு வாசிப்பு வாரம் எத்தனை மணி நேரம்? ஒரு குழுவில் எத்தனை பேர்? ஐந்தாறு பேர் என்றால் சரி, பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஒரு சுற்றுகூடத் தேறாது. பேஸும் (கீழ் ஸ்வரங்களைத் தாங்கும் வாத்தியம்) டிரம்ஸும் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? கிட்டாரும் பாட்டும் படிக்க வருபவர்கள்தான் எங்கும் அதிகம். பேஸ் ஆள் இல்லாத குழுவில் ஹார்மனி அந்தரத்தில் தொங்கும். பயிற்சி அறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பெரிய பெயர்கள் பட்டியலில் இருந்தால், அவர்கள் முழு நேர ஆசிரியர்களா, ஒரு வாரப் பட்டறைக்கு வந்துபோகிறவர்களா என்று கேளுங்கள். ஒரு நாள் குழு வகுப்பில் உட்கார அனுமதிக்காத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

வெளிநாடு பற்றி: அமெரிக்காவின் பெரிய தனியார் கல்லூரிகளில் ஒரு வருடக் கட்டணமே நாற்பது லட்சத்தைத் தாண்டும். ஜாஸ் வாசித்து அந்தக் கடனை அடைக்க முடியாது. பெற்றோர் வீட்டை அடமானம் வைத்துப் போவதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம். உதவித்தொகை பெரும்பகுதியைத் தாங்கினால் மட்டும் யோசிக்கலாம். பிரெஞ்சு பேசும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு வேறு வழி உண்டு. பிரான்சின் அரசு கன்சர்வத்துவார்களில் (இசைப்பள்ளிகளில்) கட்டணம் அதைவிடப் பல மடங்கு குறைவு. இந்தக் கதவை நம் ஊர்க்காரர்கள் போதிய அளவு தட்டிப் பார்ப்பதில்லை என்பது எங்கள் வருத்தம்.

கடற்கரை ஊருக்கு ஒரு எச்சரிக்கை. பகலில் ஏசி, இரவில் திறந்த ஜன்னல் என்றிருக்கும் அறையில் கிட்டார் கழுத்து வளையும், சாக்ஸின் பேட் (துளையை மூடும் மெத்தை) ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் துணி விட்டுத் துடைத்துப் பெட்டியில் சிலிக்கா பையோடு மூடிவையுங்கள்.

ஆடிஷனுக்கு (சேர்க்கைக்கான வாசிப்புத் தேர்வுக்கு) எஃப்-இலும் பி ஃப்ளாட்டிலும் 12 பார் ப்ளூஸ் (பன்னிரண்டு பாராகச் சுழலும் பாட்டு வடிவம்), மனப்பாடமாக இரண்டு பாட்டு, நோட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிக்கும் பழக்கம், இவை போதும். விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதம் ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் பிடியுங்கள். ஆரோவில் பக்கமோ, ஜூன் 21 இசை விழா மாலையிலோ தேடினால் வாசிக்கிறவர்கள் அகப்படுவார்கள். வாரம் ஒரு முறை மூவரும் உட்கார்ந்து, போனில் பதிந்து, மறுநாள் கேளுங்கள். அனுப்ப வேண்டிய வீடியோவையும் அந்த இருவரோடே, வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் எடுங்கள்.