காலியா, திருகோணமலையா: மலையிலிருந்து இறங்கிப் பாய்மரம் ஏற நினைப்பவர்களுக்கு

கூட்டாளிமாரோடு ஒரு பாய்மரப் படகை வாடகைக்குப் பேசி, துறைமுகத்திலிருந்து கிளம்பிக் கரையோரமாகவே ஒரு பகல் ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் மலையகத்துக்காரர்களுக்கு இரண்டு வழிகளைத்தான் நான் சொல்வேன். ஒன்று, தெற்கே காலியிலிருந்து மிரிஸ்ஸ வரை. மற்றது, கிழக்கே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையைச் சுற்றி நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு வரை. கற்பிட்டியைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது பட்டம் கட்டிக்கொண்டு பலகையில் சறுக்குபவர்களின் இடம். மே முதல் செப்டெம்பர் வரை காற்று கடலிலிருந்து கரையை நோக்கிப் பலமாக அடிக்கும். பழகாத ஆட்களை ஏற்றிக்கொண்டு அங்கே போகத் தேவையில்லை. நுவரெலியாவில் கிரகறி வாவியில் அன்னப்படகு மிதித்த அனுபவத்தை யாரும் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம்.

காலியா திருகோணமலையா என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கடற்கரையின் அழகைச் சொல்வார்கள். அழகை விடுங்கள். நம் வீட்டுக் கூரையில் விழும் மழையைக் கவனித்தாலே பாதிப் பதில் வந்துவிடும். ஜூன், ஜூலையில் வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் விடாமல் கொட்டுகிறது என்றால் தென்மேற்குப் பருவக்காற்று நின்று வீசுகிறது என்று அர்த்தம். ஈரத்தையெல்லாம் நம் மலைகளின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, அதே காற்று காய்ந்து சூடேறி அந்தப் பக்கம் இறங்குகிறது. கிழக்கில் அதைக் கச்சான் என்பார்கள். நமக்குக் குடை, அவர்களுக்கு வெயில். அதே மாதங்களில் காலிக் குடாவுக்குள் அலை நேராக வந்து புகும். அப்போது தெற்கில் பாய்மரம் ஏறுவது பற்றிப் பேசவே கூடாது.

டிசம்பர் தொடங்கி பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று கிழக்குக் கரையில் மழையும் அலையுமாக அடிக்கும். மலைத்தொடருக்கு மறுபுறம் இருக்கும் தென்மேற்குக் கரை ஓரளவு அமைதியாகிவிடும்.

ஆகவே லீவு எப்போது என்பதுதான் முதல் கேள்வி. தைப்பொங்கலை ஒட்டிப் போவதென்றால் காலி. ஆடி மாதமோ ஓகஸ்ட் பள்ளி விடுமுறையோ என்றால் திருகோணமலை. சித்திரைப் புத்தாண்டுக் காலம் இரண்டுங்கெட்டான்: காலையில் காற்றே இருக்காது, பின்னேரம் இடியோடு வரும். இயந்திரத்தை ஓட்டியே நாளைக் கழிக்க நேரலாம். தீபாவளி லீவில் இரண்டும் வேண்டாம். ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கமும் புயலும் உருவாகும் காலம். அந்த நாட்களில் வீட்டில் பலகாரம் சாப்பிடுவதே மேல்.

ஓகஸ்டிலும் போகலாம், ஜனவரியிலும் போகலாம், லீவு நம் கையில்தான் என்பவர்களுக்கு மட்டும்தான் மிச்ச அலசல்.

முதலில் தெற்கு. காலியிலிருந்து மிரிஸ்ஸவுக்குக் கடல் வழியே ஏறத்தாழ 15 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் ஓடும் படகுக்கு மூன்று மணித்தியாலக் கணக்கு. நடைமுறையில் நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் குடாவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. மெரினா என்றதும் கண்ணாடிக் கட்டடங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள், வெளிநாட்டுப் படகுகள் வந்து கட்டும் சாதாரண துறைதான். வெளியே வரும்போது வலப்பக்கம் கோட்டைச் சுவரும் வெளிச்சவீடும், இடப்பக்கம் றுமஸ்ஸல குன்று. அலைதடுப்பைத் தாண்டும் வரை எல்லாரும் போன் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தாண்டியதும் படகின் முன்பக்கமான அணியம் மெதுவாக மேலே எழும், ஒரு கணம் நிற்கும், அப்படியே சரிந்து இறங்கும். காற்றே இல்லாத நாளிலும் இது இருக்கும். தெற்கே அண்டார்ட்டிக்கா வரை தடுக்க நிலமே இல்லை. எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிய நீண்ட அலை வருடம் முழுக்க இந்தக் கரையைத் தேடி வருகிறது. அதோடு போன்கள் எல்லாம் பைக்குள் போய்விடும்.

கினிகத்தேனை வளைவுகளில் தூங்கிக்கொண்டே வருபவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளும் என்று நம்மவர்களிடம் ஒரு நினைப்பு உண்டு. சுத்தப் பொய். எங்கள் கூட்டத்தில் வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டபடி வருகிற ஒருத்தன், உனவட்டுனைக்கு எதிரே போகும்போதே பக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “மச்சான், கரைக்குத் திருப்பச் சொல்லுடா” என்றான். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் இன்னொருத்தி சுக்கானைப் பிடித்து மிரிஸ்ஸ வரை கொண்டுபோனாள். சுக்கான் பிடிப்பவருக்குக் கண் தொடுவானத்தில் இருக்கும், அது பெரிய உதவி. குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. இஞ்சி பிளேன்டீ ஒரு போத்தலில் கொண்டுபோங்கள். கெபினுக்குள் போய்ப் படுக்கிறேன் என்பவரை மட்டும் விடாதீர்கள், உள்ளே போனால் இன்னும் மோசமாகும்.

தெற்கின் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. காலையில் தரையிலிருந்து வீசும் மெல்லிய காற்று பக்கவாட்டில் வரும். பின்னேரம் கடற்காற்று மேற்கிலிருந்து எழும்பிப் பின்னால் தள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடைக்காலத்தில் இலங்கையின் தென்கரைக்கு வெளியே நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. நீங்கள் அதற்கு எதிரே போகிறீர்கள். பின்னேரக் காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் மறுபக்கமும் இழுத்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் ஆகிவிடும். அதனால் விடிந்ததும் கிளம்பிக் கரையை ஒட்டியே போவது நல்லது. அஹங்கமை வரும்போது கடலுக்குள் கம்பு நட்டு அதில் உட்கார்ந்து மீன்பிடிக்கும் இடம் தெரியும்; அப்புறம் வெலிகமக் குடா, அதற்கடுத்த முனையைத் தாண்டினால் மிரிஸ்ஸ.

மிரிஸ்ஸவில் நிற்கவும். மாத்தறையைத் தாண்டித் தெய்வேந்திரமுனை வரை ஓடிப் பார்ப்போம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இலங்கையின் மிக உயரமான வெளிச்சவீடு அங்கே இருக்கிறது, 49 மீற்றர். ஆனால் ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கப்பல்பாதை அந்த முனைக்குத் தெற்கே சில கடல் மைல் தள்ளித்தான் போகிறது. நீலத் திமிங்கிலங்கள் இரைதேடும் இடமும் அதே தண்ணீர்; திமிங்கிலங்களே கப்பலில் அடிபட்டுச் சாகின்றன. நம் சிறு படகை அந்தப் பெரிய கப்பல்களின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் தெரியுமா என்பதே சந்தேகம்.

இந்தக் கரையில் நமக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில்தான் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைக் கோயிலின் கடவுளான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். கல்வெட்டு இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போகிற வழியில் பார்க்கலாம்.

இனிக் கிழக்கு. துறைமுகத்திலிருந்து புறாத்தீவுக்கு 12, 13 கடல் மைல் வரும். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, தண்ணீரில்தான் வித்தியாசம். உள்துறைமுகம் நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டது. கயிறு பழகவும், பாய் ஏற்றி இறக்கிப் பார்க்கவும் இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் இல்லை. முதல் ஒரு மணித்தியாலத்தை அங்கேயே செலவழிக்கச் சொல்வேன். பாயின் கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சில் கயிற்றை வலஞ்சுழியாக மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், இழுக்கும் கை உருளையிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்க வேண்டும். காற்று திடீரென்று பாயை நிரப்பும்போது உருளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் விரல் இருந்தால் அன்றைய பயணம் ஆஸ்பத்திரியில்தான் முடியும். ஆடாத தண்ணீரில் இதைச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் புரியும். காலிக்கு வெளியே, பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது யார் கேட்பார்கள்?

துறைமுகத்துக்குள் கடற்படைத் தளம் இருப்பதால் அனுமதி, அடையாள அட்டை என்று கொஞ்சம் இழுபறி இருக்கும். படகுக்காரரிடம் ஆட்களின் பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கண்ட இடத்தில் படம் எடுக்கவும் வேண்டாம்.

வெளியே வந்து வடக்கே திரும்பினால் சுவாமிமலை. நாம் எல்லாரும் கோணேசர் கோயிலுக்குப் பஸ்ஸில் போய், கோட்டை வாசலால் ஏறி, மேலிருந்து கடலைப் பார்த்தவர்கள்தான். கீழே கடலிலிருந்து அந்தப் பாறையை அண்ணாந்து பார்க்கும்போதுதான், 1622இல் இடித்துத் தள்ளப்பட்ட பழைய கோயில் எப்பேர்ப்பட்ட இடத்தில் நின்றது என்பது உறைக்கிறது. பாறைக்கு அடியில் மட்டும் அலை திரும்பி அடித்துக் கொஞ்சம் குழப்பும், தள்ளியே போங்கள்.

அதற்குப் பிறகு உப்புவெளி, நிலாவெளி என்று கரை நீளமாகப் போகும். கச்சான் மேற்கிலிருந்து, தரையின் மேலாக வருவதால் கரையோரத்தில் அலை எழும்பவே இடமில்லை. படகு வடக்கே போகும்போதும் தெற்கே திரும்பும்போதும் காற்று பக்கவாட்டில்தான் இருக்கும், பாய்மரத்துக்கு அதுதான் சுகமான ஓட்டம். போனால் வரலாம் என்ற இந்தச் சௌகரியம் தெற்கில் கிடைக்காது. துறைமுக வாயில் திரும்பும்போது மட்டும் காற்று முகத்தில் அடிக்கும், அங்கே இயந்திரத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. தரைக்காற்று அலையை அடக்குவது போலவே படகையும் வெளிக்கடலுக்குத் தள்ளும். பாய் கிழிந்து இயந்திரமும் நின்றால் அடுத்த தரை வங்காள விரிகுடாவுக்கு அப்பால். ஆகவே கரையிலிருந்து ஒரு கடல் மைலுக்கு மேல் விலகாத படகோட்டியைத் தேடுங்கள். விடியற்காலையில் மீன்வலைகள் மிதக்கும், முன்னால் ஒருவர் உட்கார்ந்து மிதவைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறை மேல் நங்கூரம் போடக் கூடாது, டிக்கட் தனி. கச்சானின் சூடு வேறு. நுவரெலியாக் குளிரில் வளர்ந்த தோலுக்கு அது அடுப்பங்கரை. தொப்பியும் நீளக்கை சட்டையும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

படகு கிடைப்பதில் தெற்குக்கே முதலிடம். சுற்றுலாப் பயணிகளுக்கான பாய்மரக் கெட்டமரான்கள் மிரிஸ்ஸ பக்கம் ஓடுகின்றன. கிழக்கில் தெரிவு குறைவு, முன்கூட்டியே பேச வேண்டும். பதிலுக்குப் படகில் தமிழ் பேசும் ஆள் கிடைப்பார், அவசரத்தில் “கயிற்றை விடு” என்பது எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழும். வீதிக் கணக்கில் ஹட்டன்காரர்களுக்கு அவிசாவளை வழியாக இறங்கி அதிவேகப் பாதையைப் பிடித்தால் காலி சுலபம். திருகோணமலைக்குக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஒரு பகலையே ஒதுக்க வேண்டும். பண்டாரவளைக்காரர்கள் வெல்லவாய வழியாகத் தெற்கே இறங்கலாம்.

முதல் தடவை போகிறவர்களை நான் திருகோணமலைக்கே அனுப்புவேன், வீதி எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. கடலில் ஒரு நாள் நன்றாகக் கழிந்தவர்கள் மறுபடி வருவார்கள். முதல் நாளே வயிறு கலங்கியவர்கள் பிறகு கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். ஒரு துறையில் ஏறி இன்னொரு துறையில் இறங்க வேண்டும், அதுதான் பயணம் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே பழகியவர்களுக்கும் காலி–மிரிஸ்ஸ. அப்படிப் போனால் காலியில் இறக்கிவிட்டதும் வேனை மிரிஸ்ஸவுக்கு அனுப்பிவிடுங்கள். ட்ரைவரிடம் மீன்பிடித் துறைமுகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், வெறுமனே மிரிஸ்ஸ என்றால் அவர் கடற்கரைப் பக்கம் போய் நிறுத்திவிட்டுத் தூங்குவார்.