ஹாஃப்-டன் பிக்கப்பில் கேம்பர் ஏற்றப் போகிறீர்களா? முதலில் கதவைத் திறந்து மஞ்சள் ஸ்டிக்கரைப் பாருங்கள்

பிக்கப் டிரக்கின் பெட்டுக்குள், அதாவது பின்பக்கச் சரக்குத் தட்டுக்குள், இறக்கி வைக்கும் தங்கும் அறையான ஸ்லைடு-இன் கேம்பர் வாங்க நினைக்கும் நம்மவர்கள், இதைப் படித்துவிட்டு டீலரிடம் போங்கள். உங்களிடம் இருப்பது எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டன்ட்ரா மாதிரி ஹாஃப்-டன் வண்டி (இது இலகு வகை பிக்கப்பின் பெயர்தான், சுமக்கும் எடை அல்ல) என்றால் கட்டாயம் படியுங்கள். டல்லாஸ் பக்கம் கேம்பர் மாதிரி பயண வீட்டு வண்டிகள் விற்கும் ஒரு ஆர்.வி. டீலர், எங்கள் வண்டி தாங்கவே முடியாத எடையை "தாராளமாகத் தாங்கும்" என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டார். பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போகும்போதுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. விவகாரம் சட்ட வழியில் போய்க்கொண்டிருப்பதால் டீலர் பெயரையும் கேம்பர் பெயரையும் எழுதவில்லை.

கடைக்குப் போகும் முன்பே வண்டியின் மாடல், டிரிம் (வசதி நிலை), வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண் எல்லாவற்றையும் விற்பனையாளருக்கு மெசேஜில் அனுப்பினேன். இந்த வண்டியில், நான்கு பேர் குடும்பத்தோடு, இந்தக் கேம்பரை ஏற்றிக்கொண்டு கொலராடோ மலைக்குப் போவது பாதுகாப்பா என்று நேரடியாகவே கேட்டேன். "உங்கள் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும், இந்தக் கேம்பர் 1,290 பவுண்டுதான், கவலையே படாதீர்கள்" என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது.

இந்தப் பதிலில் இரண்டு ஏமாற்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, இழுக்கும் திறனைக் காட்டிச் சுமக்கும் திறனை மறைப்பது. நெல் மூட்டையை வண்டியில் வைத்து இழுப்பவனால் அத்தனை மூட்டையையும் தலையில் சுமக்க முடியாது. டிரெய்லர் தன் சொந்தச் சக்கரங்களில் நிற்கிறது. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் டிரக்கின் மேல் விழும். ஸ்லைடு-இன் கேம்பரோ முழுக்க முழுக்க டிரக்கின் மேலேயே உட்காருகிறது, அதுவும் உயரத்தில். ஆகவே 11,000 என்ற எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. பார்க்க வேண்டியது பேலோடு, அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்த எண் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வண்டிக்கானது. பக்கத்து வீட்டில் அதே மாடல் நின்றாலும் அதன் எண் வேறாக இருக்கலாம். சன்ரூஃப், நாலு சக்கர இயக்கம், பெரிய கேபின் என்று சேரச் சேர பேலோடு குறைந்துகொண்டே போகும். விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணெல்லாம் எந்தச் சொகுசும் இல்லாத வண்டிக்கானது. எங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் இருப்பது 1,420 பவுண்டு.

இரண்டாவது, அந்த 1,290. அது தண்ணீர், கேஸ், கூடுதல் வசதி எதுவும் சேராத உலர் எடை. யாரும் கேம்பரைக் காலியாக ஓட்டிக்கொண்டு போவதில்லை. கேம்பரிலேயே தயாரிப்பாளர் ஒட்டிய லேபிள் ஒன்று இருக்கிறது. தண்ணீர், கேஸ், ஃப்ரிட்ஜ் சேர்த்து அதிகபட்ச எடை என்ன என்று அந்த லேபிளில் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டரசு விதி. எங்கள் கேம்பரின் லேபிளில் 1,480 என்று இருந்தது. அதற்கு மேல் டீலரே மாட்டிக் கொடுத்த கூரை ஏ.சி., பக்கவாட்டுப் பந்தல், இரண்டாவது பேட்டரி மூன்றும் 170 பவுண்டு. ஆக 1,650. ஒருவர்கூட ஏறி உட்காரும் முன்பே வண்டியின் எல்லை தாண்டிவிட்டது. விற்பனையாளர் தினமும் அந்த லேபிளைத் தாண்டித்தான் நடக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு அதிகக் கோபம் வந்தது பின் ஸ்பிரிங்கில் மாட்டும் ஏர்பேக் விஷயத்தில். கேம்பரை டிரக்கின் மேல் வைத்ததும் வண்டியின் பின்பக்கம் நன்றாகவே தாழ்ந்தது. கேட்டதற்கு, "ஏர்பேக் போட்டால் கெபாசிட்டி ஏறிவிடும்" என்று சொல்லி ஆயிரத்துச் சொச்சம் டாலர் வாங்கினார்கள். பின் ஸ்பிரிங்குக்கு உதவியாக மாட்டும் இந்தக் காற்றுப் பைகள் வண்டியை மட்டமாக நிற்க வைக்கும், ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பிரேக், ஆக்சில், பேரிங், சக்கரம், டயர், ஃபிரேம் எதுவும் அதனால் பலமாவதில்லை. ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று கதவில் எழுதியிருக்கும் மொத்த எடை வரம்பும் ஒரு பவுண்டுகூட ஏறுவதில்லை. அந்த ஏர்பேக் பெட்டிக்குள் இருந்த வழிமுறைத் தாளிலேயே, வண்டித் தயாரிப்பாளர் சொன்ன எடையைத் தாண்டாதீர்கள் என்று அச்சடித்திருக்கிறது. வண்டி தாழ்ந்தது ஒரு எச்சரிக்கை. காசு வாங்கிக்கொண்டு அந்த எச்சரிக்கையை மறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் கிளம்பினோம். டல்லாஸிலிருந்து யு.எஸ். 287 வழியாக அமரில்லோ, அங்கிருந்து ராட்டன் கணவாய் ஏறி கொலராடோ என்பது திட்டம். விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று பிடித்தது. அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், தடுக்க ஒரு மரம் கிடையாது. எதிரே ஒரு பெரிய லாரி கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் இருந்தது. "என்னங்க, வண்டி ஏன் இப்படி ஆடுது? எங்கயாவது நிறுத்துங்க" என்று மனைவி சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. பின்சீட்டில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேகத்தைக் குறைத்து, ஹஸார்டு விளக்கைப் போட்டு, அமரில்லோவில் ஒரு டிரக் ஸ்டாப் வரை போய்ச் சேர்ந்தோம்.

அங்கே கேட் ஸ்கேல் இருந்தது. லாரிக்காரர்கள் எடை போடும் மேடை. சில டாலர் கொடுத்தால் நம் வண்டியையும் போடலாம், முன் ஆக்சில், பின் ஆக்சில் எடையைத் தனித்தனியாகச் சீட்டில் தருவார்கள். எங்களுக்கு வந்தது முன்னால் 3,560, பின்னால் 4,620, மொத்தம் 8,180 பவுண்டு. எங்கள் வண்டியின் மொத்த வரம்பு 7,050. பின் ஆக்சில் வரம்பு 3,800. அதாவது மொத்தத்தில் 1,130 பவுண்டும், பின் ஆக்சிலில் மட்டும் 820 பவுண்டும் அதிகம். நாங்கள் ஒன்றும் வீட்டையே தூக்கிக்கொண்டு போகவில்லை. நான்கு பேர், துணிமணி, அரிசி பருப்பு, ஒரு குக்கர், கூலர். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டேன். 20 கேலன் தண்ணீர் போனால் சுமார் 167 பவுண்டு குறையும். அப்படியும் பக்கத்தில்கூட வரவில்லை.

இந்த எடையோடு 7,834 அடி உயர ராட்டன் கணவாய் ஏறி, மறுபக்கம் பிரேக்கை நம்பி இறங்கியிருப்போம் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. பயணத்தை அங்கேயே நிறுத்தினோம். மனைவியும் பிள்ளைகளும் வாடகைக் காரில் திரும்பினார்கள். நான் கேம்பரைக் காலி செய்து, இரவில் காற்று அடங்கிய பிறகு மெதுவாக ஓட்டிவந்தேன்.

எடை மட்டும் பிரச்சினை இல்லை, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். கேம்பரின் எடை மையம் பின் ஆக்சிலுக்கு முன்னால் விழ வேண்டும். இன்று ஓடும் ஹாஃப்-டன் வண்டிகளில் நிறைய ஐந்தரை அடி பெட் கொண்டவை. கேம்பர் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், மையம் பின்னுக்குத் தள்ளிப் போகும், முன் சக்கரங்கள் லேசாகிவிடும். என் கையில் ஸ்டியரிங் கனமில்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். மேலும் இந்த வண்டிகளில் பெரும்பாலும் வருவது பக்கச்சுவர் மென்மையான பயணிகள் வகை டயர். உயரமான சுமையோடு அது நெளியும்.

அப்படியென்றால் ஹாஃப்-டன்னில் கேம்பரே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1,000 பவுண்டுக்குள் அடங்கும் உள்வசதிகள் இல்லாத வெறும் ஷெல் வகைப் பாப்-அப்கள் (கூரையை உயர்த்தி மடக்கும் கேம்பர்கள்) இருக்கின்றன. இரண்டு பேர் மட்டும் போவதாக இருந்து, ஸ்டிக்கர் எண்ணும் இடம் கொடுத்தால் நன்றாகவே போய்வரலாம். முன்பு கனரக பேலோடு பேக்கேஜோடு ஆர்டர் செய்த எஃப்-150 சில, 3,000 பவுண்டுக்கு மேல்கூடச் சுமக்கும். ஆனால் ஷோரூமில் வரிசையாக நிற்கும் வண்டிகள் அவை இல்லை. அடுத்த பெரிய வகையான முக்கால் டன் வண்டி வாங்கினால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். டீசல் எஞ்சினும் சொகுசு டிரிம்மும் சேர்ந்தால் அங்கேயும் பேலோடு 2,000 பக்கம் இறங்கிவிடும். ஃப்ரிட்ஜ், குளியலறை உள்ள முழுக் கேம்பருக்கு அதற்கும் மேலான 'ஒரு டன்' வகை வண்டிதான் சரி. டீலர் எந்தத் தாளைக் காட்டினாலும், லேபிள் எடை, மேலே மாட்டிய பொருள்கள், ஓட்டுநரையும் சேர்த்து எல்லோருடைய எடை, சாமான், கட்டும் கொக்கிகள் எல்லாவற்றையும் கூட்டி மஞ்சள் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். வண்டியின் மேனுவலில் கேம்பர் பகுதியையும் படியுங்கள். சில ஹாஃப்-டன் வண்டிகளுக்கு ஸ்லைடு-இன் கேம்பரைப் பரிந்துரைப்பதில்லை என்றே எழுதியிருப்பார்கள். பணம் கட்டும் முன் கேம்பரோடு எடை போட விடுங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பி வந்து எடைச் சீட்டைக் காட்டியபோது மேலாளர், "எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்றார். கேம்பரைத் திரும்ப எடுக்க முடியாது, வேண்டுமானால் பழைய பொருளாகக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்மில் பலர் நம்பும் கூட்டரசு விதி, டீலரின் சொந்தக் கடையில் வாங்கியதற்குப் பொருந்தாது. கேம்பரில் பழுது எதுவும் இல்லாததால் பழுதான வண்டி வாங்கியவர்களுக்கான லெமன் சட்டமும் உதவவில்லை. டெக்சாஸில் எங்களுக்குக் கைகொடுப்பது ஏமாற்று வணிகத்துக்கு எதிரான டி.டி.பி.ஏ. சட்டம். வழக்குப் போடும் முன் 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 20,000 டாலர் வரையான கோரிக்கையை சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் கேட்கலாம். மெசேஜ், எடைச் சீட்டு, இரண்டு லேபிள்களின் படம், ஏர்பேக் ரசீது எல்லாம் வைத்து நோட்டீஸ் அனுப்பினேன். ஏர்பேக் பணத்தை மட்டும் திருப்பித் தந்திருக்கிறார்கள். கேம்பர் எங்கள் டிரைவ்வேயில் ஜாக்குகளின் மேல் நிற்கிறது, மீதிப் பணத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.