சோற்றுத் தட்டைத் தராசில் வைத்தோம்: கீட்டோவா, 16:8-ஆ, மீன் குழம்பா?

எங்கள் வீட்டுத் திண்ணையில் நண்டு எடை போடுகிற எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மதினி அதைக் கழுவித் துடைத்து, தட்டை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, தான் வழக்கமாகப் போட்டுக்கொள்கிற அளவுக்குச் சோற்றைப் போட்டார். 430 கிராம். குழம்பில் கிடந்த இரண்டு சூடை மீனை எடுத்து முள்ளை நீக்கி வைத்தார். 45 கிராம். ஓரத்தில் முருங்கைக்கீரை, 30 கிராம்கூடத் தேறவில்லை. கடலை ஒட்டிக் குடியிருக்கிறோம், மீனைத் தின்று வளர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். தட்டில் இருந்ததோ சோறுதான். மீன் அதற்குத் தொடுகறி.

வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. அந்தத் தட்டில் சோறு மட்டுமே 560 கலோரி. ராத்திரியும் அதே அளவு, காலையில் இட்லி. நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர்களுக்குக் கிடைக்கும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் அளவுக்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது.

மதினிக்கு அப்போது சர்க்கரை எல்லையில் நின்றது. எடை 74 கிலோ, இடுப்பு 38 அங்குலம். நம் உடல்வாகுக்குப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினாலே கவனிக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடையைப் பார்க்கும் பிஎம்ஐ கணக்கிலும் வெள்ளைக்காரர்களுக்கு 25 என்றால் நமக்கு 23-லேயே அதிக எடை ஆரம்பம். பார்க்க ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஆட்களுக்குச் சர்க்கரை வருவது இதனால்தான். ஆகையால் எடை மெஷினைவிட டெய்லர் டேப்பை நான் அதிகம் நம்புகிறேன்.

அந்த மாதமே வீட்டில் மூன்று பேர் மூன்று வழியில் இறங்கினோம். மதினி கீட்டோ. ராமநாதபுரத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் மச்சான் 16:8, அதாவது பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. நான் சோற்றைப் பாதியாக்கி மீனையும் காயையும் கூட்டினேன்.

முதலில் கீட்டோ. தமிழ்நாட்டில் பேலியோ என்ற பேரில் பரவியதும் பெரும்பாலும் இதன் பக்கத்து வீடுதான்: அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு வேண்டாம், முட்டை, கறி, மீன், பாதாம், நெய் போதும். கீட்டோ இன்னும் கறார், ஒரு நாளைக்கு மாவுச்சத்து 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். இது எடை குறைக்கப் பிறந்த முறையே இல்லை. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக வகுத்தது, சில குழந்தைகளுக்கு இன்றைக்கும் அதற்காகக் கொடுக்கிறார்கள்.

முதல் வாரத்திலேயே மதினிக்கு இரண்டரை கிலோ குறைந்தது. வீடே அசந்துபோனது. ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும், ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறிவிடும். முதல் வாரக் கணக்கை வைத்து இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ என்று யாரும் கனவு காண வேண்டாம்.

அதன் பிறகும் குறைந்தது, அது உண்மையான குறைவு. மூன்று மாதத்தில் எட்டு கிலோ. பசி அடங்கியிருந்தது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாக இறங்கியது. சர்க்கரை விஷயத்தில் கீட்டோவுக்கு இந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். நம் கரையில் இன்னொரு வசதியும் உண்டு. பாதாம், பன்னீர் என்று காசைக் கொட்டாமல் மீன், நண்டு, கணவாய், முட்டை, தேங்காய் என்றே ஓட்டலாம்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. மலச்சிக்கல். நம் ராமநாதபுரம் மாவட்டம் வறண்ட பூமி, காய்கறி மதுரையிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வந்து சேர வேண்டும். மழைக்காலத்தில் விலை ஏறினால் முதலில் சுருங்குவது காய்தான். கீட்டோவில் காய் சுருங்கினால் நார்ச்சத்துக்கு வேறு வழியே இல்லை. அப்புறம் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு 128-லிருந்து 171-க்கு ஏறியிருந்தது. எல்லாருக்கும் இப்படி ஏறாது, சிலருக்கு ஏறும். நெய்யும் வெண்ணெயுமாகச் சாப்பிட்டால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

இதையெல்லாம்விட மதினியை வாட்டியது வேறு. பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டுத் தான் தனியாக முட்டையை உடைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பொங்கலுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல், தை மாதத்தில் இரண்டு கல்யாண வீடு, அப்படியே விட்டுப்போனது. ஐந்து மாதத்தில் ஐந்து கிலோ திரும்பி வந்தது. "சோறு இல்லாம நான் இருந்துருவேன், எல்லாரும் திங்கும்போது தனியா திங்க முடியல" என்றார் மதினி. மனசுக் கட்டுப்பாடு இல்லை என்று அவரைச் சொன்னவர்கள்மேல் எனக்கு இன்றும் வருத்தம்தான். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் வீட்டில் ஒருத்தர் மட்டும் ஆயுசுக்கும் வேறு சாப்பாடு என்பது லேசான காரியமா?

அடுத்து மச்சானின் 16:8. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முதல் சாப்பாடு, ராத்திரி எட்டுக்குள் கடைசிச் சாப்பாடு, மீதி நேரம் தண்ணீர், சர்க்கரை போடாத கடுங்காப்பி. செலவு கிடையாது, தனி அடுப்பு கிடையாது. அவருக்கு நான்கு கிலோ குறைந்தது, இன்றுவரை ஏறவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா வாங்கி வரும் பழக்கம் நின்றதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பட்டினி நேரத்துக்கே தனிச் சக்தி இருக்கிறதா? சீனாவின் குவாங்சோவில் 139 பேரை வைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள், 2022-ல் முடிவு வந்தது. இரண்டு அணிக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. ஒரு அணி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டது, மற்றது நேரம் பார்க்காமல் சாப்பிட்டது. முதல் அணிக்கு 8 கிலோ, அடுத்ததற்கு 6.3 கிலோ குறைந்தது. புள்ளியியல் கணக்குப்படி அது வித்தியாசமே இல்லை. ஆக, கடிகாரம் தானாக எடையைக் குறைப்பதில்லை. சாப்பிடும் நேரம் சுருங்கும்போது தின்பதும் குறைந்தால் எடை குறையும்.

கீழக்கரைச் சிநேகிதியிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா ரமலான்ல நாங்க எல்லாரும் இளைச்சிருக்கணுமே" என்றாள். நோன்பு இறைவனுக்காக வைப்பது, எடைக்காக இல்லை. இருந்தாலும் அவள் சொன்னதில் பாடம் இருக்கிறது. பகல் முழுக்க, நம் பக்கம் பதின்மூன்று பதினான்கு மணி நேரம், தண்ணீர்கூட இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில் சராசரியாக ஒன்றிரண்டு கிலோதான் குறைகிறது, அதுவும் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. பல நாடுகளில் பார்த்ததும் இதுவே. நோன்பு திறந்ததும் கஞ்சியோடு நின்றால் ஒரு கணக்கு. வடை, சமோசா, சர்பத், அப்புறம் ராத்திரிச் சாப்பாடு, விடியலுக்கு முன் சஹர் சாப்பாடு என்று போனால் வேறு கணக்கு.

கடலுக்குப் போகிற ஆளுக்கு 16:8 வேண்டவே வேண்டாம் என்பேன். காலையில் கிளம்பி மறுநாள் காலையில் கரைக்கு வரும் விசைப்படகில், வலை இழுக்கிற நேரம்தான் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிக்கும். வெயில், வியர்வை, கடும் உழைப்பு. அண்ணன் இரண்டு நாள் முயன்றார், மூன்றாம் நாள் நான்தான் சண்டை போட்டு நிறுத்தினேன்.

இனி மெடிட்டரேனியன் டயட். ஆலிவ் எண்ணெய், சீஸ் என்று பேரைக் கேட்டாலே நமக்கு ஆகாது என்று தள்ளிவிடுகிறோம். அதன் அஸ்திவாரம் என்ன? வாரம் சில நாள் மீன், தினமும் பயறு, கீரை, காய், பழம், கொஞ்சம் கொட்டை வகை, தீட்டாத தானியம், கறி அபூர்வமாக. அதைப் போற்றி எழுதும் மருத்துவர்கள் சிபாரிசு செய்கிற கொழுப்பு மீனில் முதல் வரிசையில் நிற்பது சாளை, அதாவது மத்தி. நம் கரையில் அதுதான் ஏழை மீன். சாளையும் சூடையும் லாரி லாரியாகக் கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகிறது. நாமோ வஞ்சிரம் வாங்கக் காசு இல்லையே என்று கவலைப்படுகிறோம். இதை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

இஸ்ரேலில் ஒரே பணியிடத்தில் வேலை செய்த 322 பேரை மூன்றாகப் பிரித்து இரண்டு வருஷம் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 2.9 கிலோ, மெடிட்டரேனியன் முறைக்கு 4.4, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 4.7 கிலோ குறைந்தது. கடைசி இரண்டுக்கும் நடுவே 300 கிராம். ஆனால் இதய நோயைத் தடுப்பதற்கு நீண்ட காலச் சான்று மெடிட்டரேனியன் பக்கமே பலமாக இருக்கிறது. ஸ்பெயினில் சுமார் 7,400 பேரைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், அந்த முறையில் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. 2013-ல் வந்த அந்த ஆய்வில் ஆட்களைப் பிரித்த விதத்தில் குறை இருந்ததால் திரும்பப் பெற்று, 2018-ல் மறுபடி அலசி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை.

நான் செய்தது இதன் நாட்டு வடிவம். தட்டில் முதலில் கீரையும் காயும், பாதித் தட்டு. அடுத்து மீன், ஒரு கை நிறைய. சோறு கடைசியில், ஒரு கரண்டி, கிடைத்தால் சித்திரைக்கார் சிவப்பரிசி. பொரித்த மீன் வாரம் ஒரு தடவை, மற்ற நாள் குழம்பு அல்லது அவியல். சூடையை அப்படியே எண்ணெயில் முக்கிப் பொரித்தால் அது குடிக்கும் எண்ணெய் கொஞ்சநஞ்சம் இல்லை. குழம்புக்குத் தேங்காய்ப்பால் முழுசாக விடாமல் புளியும் மல்லியுமாகக் கூட்டினேன். ஒரு வருஷத்தில் 71-லிருந்து 65 கிலோ. மெதுவாகத்தான். ஆனால் கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மறுநாள் மறுபடி இதற்கே திரும்ப முடிந்தது. மதினியும் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டார். போன வாரம் தராசில் வைத்தபோது அவர் தட்டில் சோறு 170 கிராம், மீன் 110.

சிறுதானிய டயட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். குதிரைவாலி, கேழ்வரகு, கம்பு நல்லவை, நார்ச்சத்து கூடுதல். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் அரிசிக்கும் அவற்றுக்கும் கலோரியில் பெரிய தூரம் இல்லை. சோற்றுக்குப் பதில் என்று சொல்லிக் களியை இரண்டு உருண்டை வைத்தால் இடுப்பு அப்படியேதான் இருக்கும். ஒரு நாள் பழம், ஒரு நாள் காய், ஒரு நாள் வாழைப்பழமும் பாலும் என்று ஏழு நாளில் முடியும் ஜிஎம் டயட்டை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. எட்டாம் நாள் என்ன சாப்பிடுவது என்று அதில் இல்லை.

நம் கரைக்கு நான் அவசியம் சொல்ல நினைப்பது டேஷ் (DASH) டயட். ரத்தக் கொதிப்புக்காக அமெரிக்காவில் உருவாக்கியது, 1997-ல் அதன் முதல் பெரிய ஆய்வு வந்தது. காய், பழம், கொழுப்பு குறைந்த பால் கூடுதல். கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளி வரை இறங்கியது. உப்பையும் குறைத்தால் இன்னும் இறங்கும் என்று பிறகு பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். எடை குறைந்து கொதிப்பு ஏறினால் என்ன லாபம்?

மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்தினாலோ பட்டினி இருந்தாலோ சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு கீட்டோ இருந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு. டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் பட்டினி முறைகள் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மீன், முட்டையைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் சொன்ன வழிக்கும் ஒரு கஷ்டம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை கைக்கு எட்டாது. போன தடைக்காலத்தில் நான் மறுபடி சோற்றுப் பக்கம் சாய்ந்து ஒன்றரை கிலோ ஏறினேன். அதனால் இந்தத் தடவை முட்டை, தட்டைப்பயறு, பாசிப்பயறு என்று மதினி முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறார். நெத்திலிக் கருவாடு வாரம் ஒரு நாள் மட்டும், வெந்நீரில் ஊறப்போட்டு, மூன்று தடவை தண்ணீர் மாற்றி, கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு. குழம்புக்குத் தனியாக உப்பு போடுவதில்லை.